ஸ்கூட்டரைக் கடைசியாகப் பார்த்த இடம்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் முன்பெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. செம்பாக்கத்தில் வீடு கட்டி வந்த நாளிலிருந்து வாசல் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத்தான் விடைத்தாள் திருத்துகிறேன். நான் கணக்கு டீச்சர். ஒரு கண் தாளில், ஒரு கண் தெருவில். இதற்கு வம்பு என்று பெயர் வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர் சுந்தரராமன். அக்கறை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

போன டிசம்பரில் என் வேலைக்குப் போட்டியாக ஒரு கேமரா வந்தது. கொண்டுவந்தவன் எதிர்வீட்டு நிகில். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்.

“ஆன்ட்டி, கேமரா ஃப்ரீ. கேட் தூண்ல மாட்டிட்டா போதும். தெருவுல போற வண்டி நம்பரை அதுவே படிச்சுக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் உங்க கணக்குல பூனை காயின் விழும்” என்றான்.

கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பூனையின் படத்தை போனில் காட்டினான். அதுதான் அந்தக் காயினாம்.

“இதை வெச்சு என்ன வாங்கலாம்?” என்று கேட்டேன்.

“வாங்கறதுக்கு இல்ல ஆன்ட்டி. விலை ஏறும், அப்ப விக்கலாம்.”

“யாருப்பா வாங்குவா?”

“இன்னும் ஏறும்னு நினைக்கறவங்க.”

ஏறும் என்று நினைப்பதால் வாங்குகிறார்கள், வாங்குவதால் ஏறுகிறது. இந்தச் சூத்திரத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை. ஆனால் ரிட்டயரான என் வீட்டுக்காரருக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. கேமராவும் மாட்டினார், கைக்காசு போட்டுக் கூடுதலாகவும் காயின் வாங்கினார். மார்கழி பிறப்பதற்குள் எங்கள் தெருவில் பாதி கேட்டுகளில் கண் முளைத்துவிட்டது. கோவிலம்பாக்கம், மேடவாக்கம், அந்தப் பக்கம் கோவளம் வரைக்கும் இதே பேச்சு. தண்ணி லாரிக்காரரிடம், “நம்ம தெரு வழியா சுத்திப் போயேன்” என்று என் வீட்டுக்காரர் கெஞ்சியதை என் காதாலேயே கேட்டேன்.

இன்னொரு வசதியும் இருந்தது. யாரிடம் காயின் இருக்கிறதோ அவர்கள் எந்த வண்டி நம்பரையும் போட்டுத் தேடலாம். கொஞ்சம் காயின் கொடுத்தால், அந்த வண்டியைக் கடைசியாகப் பார்த்த ஊர் தெரியும். மேலே கொடுத்தால் தெரு. அதற்கும் மேலே கொடுத்தால் போட்டோ. திருட்டுப் போன வண்டியைக் கண்டுபிடிக்கலாமே என்றான் நிகில். நான் முதலில் எங்கள் காரைப் போட்டுப் பார்த்தேன். கேம்ப் ரோடு ஸ்வீட் கடைத் தெரு என்று வந்தது. சர்க்கரை உள்ள மனிதர் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்கு வந்ததும் விசாரித்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் மாடியில் சத்யபிரியாவும் ஜோஷ்வாவும் குடியிருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவன் கோவளத்துப் பையன், ஏசி மெக்கானிக். ஆடி மாதத்தில் வீடு கேட்டு வந்தவர்கள். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? அன்றே எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. சொந்தக்காரர் என்று ஒருவர்கூட வரவில்லை. தீபாவளிக்கு அவளும் போகவில்லை, கிறிஸ்துமஸுக்கு அவனும் போகவில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவாள். அவளுடைய நீல ஸ்கூட்டர் எங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கும்.

புத்தாண்டு அன்று தெருவே பெரிய பெரிய கோலமாகப் போட்டது. எல்லோரையும் போல நானும் மயில் வரைந்து, கீழே ஹேப்பி நியூ இயர் 2026 என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சாயங்காலம் வீட்டுக்காரர் போனைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத குறை. காயின் கொட்டியிருந்தது. என்ன ஏதென்று பார்த்தால், தூணிலிருந்த கேமரா என் கோலத்து எழுத்தையும் 2026-ஐயும் ஒரு வண்டியின் நம்பர் என்று படித்திருக்கிறது. கோலத்தை மறைத்து யாராவது நடந்து போனால் வண்டி கிளம்பிவிட்டது. அவர் கடந்ததும் வண்டி திரும்ப வந்துவிட்டது. இப்படி நாள் முழுக்க ஒரே வண்டி வந்து வந்து போயிருக்கிறது.

விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளிலிருந்து வாசலில் மயிலும் தாமரையும் ஒதுங்கிக்கொள்ள, எல்லா வீட்டிலும் வண்டி நம்பர் கோலம். இருபது வருஷமாக வாசல் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்கள் விடியற்காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு குந்தியிருந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு காலை, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் என் வீட்டுக்காரர் போனைக் காட்டினார்.

“காமு, இங்க பாரேன். நம்ம கேமரா பார்த்த வண்டியை யாரோ தேடியிருக்கா. நமக்கு போனஸ். இப்ப ஊர் மட்டும்தான் கேட்டிருக்கா, தெருவையும் கேட்டா இன்னும் வருமாம்.”

“எந்த வண்டி?” என்றேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

நம்பரைப் படித்தார். கடைசி நாலு எண் 4073. எண்கள் என் கண்ணில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். நீல ஸ்கூட்டர் நின்றது. அதே நம்பர்.

வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்த சத்யபிரியாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். கையிலிருந்த ஹெல்மெட்டோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க அண்ணன்தான்க்கா. கதிரேசன். இந்த வண்டிய அதுதான் ஷோரூமுக்கு வந்து வாங்கிக் குட்த்துச்சு. நம்பர் அதுக்கு மனப்பாடம்.”

“அண்ணன்தானேம்மா? வந்தா வரட்டுமே.”

“உங்களுக்குத் தெரியாதுக்கா. நாங்க கல்யாணம் பண்ணிகினு போனப்ப, சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஜோஷ்வா ஃப்ரெண்ட நடுரோட்டுல வெச்சி அட்ச்சாங்க. கை ஒட்ஞ்சி போச்சு. ஜோஷ்வா கெட்ச்சிருந்தா உசுரோட வுட்டிருக்காது. ஊரு தெரிஞ்சிட்ச்சே, தெரு தெரிய எவ்ளோ நேரம்க்கா ஆவும்?”

“போலீஸ்ல சொல்லலையா?”

“எழுதிக் குட்த்துகீறோம். வந்தா சொல்லுங்கன்னாங்க.”

  ஆறு மாதமாக நான் துருவித் துருவிக் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவில் என்கிற அவள் சொந்த ஊரில் இருக்கிற ஒரு முரடனுக்கு என் வீட்டுத் தூணே ஒற்றன் வேலை பார்த்திருக்கிறது. நானும் பார்க்கிறவள்தான். ஆனால் நான் பார்த்தது பாதி மறந்துபோகும், மீதியை யாரிடம் சொல்லலாம் யாரிடம் சொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருப்பேன். இது யார் காசு நீட்டினாலும் சொல்லும்.

நேரே நிகில் வீட்டுக்குப் போனேன்.

“தேடினது யாருப்பா?”

“அதைச் சொல்ல முடியாது ஆன்ட்டி. தேடறவங்க பிரைவசி.”

“தேடப்படறவளோட பிரைவசி?”

 கெட்ட பையன் இல்லை, இந்தக் கேள்வியை அவன் கேட்டுக்கொண்டதே இல்லை, அவ்வளவுதான்.

“சரி, அந்த நம்பரை அழிச்சுடலாமா?”

“முடியாது ஆன்ட்டி. வேற எங்கயாவது ஒரு கேமரா அந்த வண்டியைப் பார்த்தா, அதுதான் கடைசி இடமா மாறும். பழசு போயிடும்.”

வேறு எங்காவது. வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனால் ஆபத்து. போகாமல் இருந்தாலும் எங்கள் தெருதான் கடைசி இடமாக நிற்கும். நிகிலைக் கையோடு அழைத்து வந்து, எங்கள் தூண் கேமராவை அவன் எதிரிலேயே பிடுங்கிப் போட்டேன். அது பார்த்து வைத்ததைப் பிடுங்க முடியவில்லை. கேட்டை மூடத் திரும்பியபோது பக்கத்து வீட்டு வாசலில் ஏதோ ஒரு வண்டி நம்பரைச் சுற்றிச் செம்மண் பூசியிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஸ்கூட்டர் போக வேண்டியதில்லையே. நம்பர் போனால் போதுமே.

எனக்கு மார்கழிக் கோலக் குழு ஒன்று வாட்ஸ்ஆப்பில் உண்டு. தாம்பரம் தொடங்கி நாலா பக்கத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் விஷயம் கதிரேசன் காதுக்கே போய்விடும். அதனால் வாய் கூசாமல் ஒரு பொய் எழுதினேன். ‘இந்த நம்பரைக் கோலமாகப் போட்டால் காயின் இரட்டிப்பாக விழுகிறது. 4073, கூட்டினால் ஐந்து. ஐந்து புதனுக்குரிய எண், வியாபாரத்துக்கு உகந்தது. முழு நம்பரையும் கீழே கொடுத்திருக்கிறேன், முன்னெழுத்துகளை விட்டுவிடாதீர்கள்.’ எண் ஜோசியம் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு நானே அந்தக் கடையைத் திறந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று எச்சரித்து, வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். போனை எடுத்துக் காயின் விலையைப் பார்த்தார்.

“எல்லாரும் ஒரே நம்பரைப் போட்டா ஏமாத்துறது வெளிய தெரிஞ்சுடும். விலை விழுந்துடும் காமு.”

“விழட்டும்.”

“என் பணம்?”

மாடியைக் காட்டினேன். மேலே ஜோஷ்வா ஏதோ சமாதானம் சொல்வதும் அவள் அழுவதும் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து போய், பழைய காருக்குப் போர்த்துகிற உறையை எடுத்து வந்து ஸ்கூட்டரை மூடினார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

ஆசையைப் போல வேகமாக ஓடுகிற வண்டி எதுவும் இல்லை. மறுநாள் காலையில் தேடிப் பார்த்தால் 4073 கோவிலம்பாக்கத்தில் இருந்தது. டிபன் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் கோவளத்தில். அப்புறம் பல்லாவரம், மறுபடி மேடவாக்கம். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்த சத்யபிரியா, திரும்பியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் லேசாகச் சிரிக்கவும் சிரித்தாள்.

“எங்க அண்ணன் இந்நேரம் பேஜாராயிருக்கும்க்கா.”

போகிக்குள் காயின் படுத்துவிட்டது. ஒரே ஸ்கூட்டர் ஒரே நேரத்தில் ஊரெல்லாம் ஓடினால் யார்தான் நம்புவார்கள்? விற்க வழியில்லாமல் என் வீட்டுக்காரர் கணக்கில் காயின் மட்டும் குப்பையாகக் குவிந்திருந்தது. பொங்கலோடு அந்தக் காயின் கம்பெனிக்காரர்கள் கடையைக் கட்டுகிறார்களாம் என்று நிகில் வந்து சொன்னான். அவன் வீட்டுக் கேமராவையும் கழற்றியிருந்தான்.

பொங்கலன்று பானை பொங்கி இறக்கிய பிறகு, மாடிக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப் போனேன். ஜோஷ்வா கடைக்குப் போயிருந்தான். கடைசியாக ஒரு தடவை எங்கே ஓடுகிறது என்று பார்க்கலாமே என்று எனக்குத்தான் அரிப்பு. நம்பரைப் போட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் என்று வந்தது. காயினுக்கு மதிப்பில்லாததால் தெருவையும் கேட்டேன்.

தெருப் பெயரைப் படித்ததும் சத்யபிரியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். 

“எங்க தெருக்கா. எங்க வூடு கீற தெரு. அண்ணன் இன்னாமோ பண்ணுது.”

பார்க்காமல் எப்படி விடுவது? மிச்சமிருந்த காயினையெல்லாம் கொடுத்துப் போட்டோவைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. எதிர்வீட்டுக் கேமரா எடுத்த படம். பச்சைக் கதவு வைத்த ஒரு வீட்டு வாசலில் கோலம். நடுவில் 4073, முன்னெழுத்துகளோடு. பக்கத்தில் பச்சைப் பொடி நிரப்பிய இரண்டு கிளிகள். இரண்டுக்கும் வால் இல்லை.

 சத்யபிரியா விரலால் அந்தக் கிளிகளைப் பெரிதாக்கினாள்.

“எங்கம்மா கோலம்க்கா. அது எப்பவும் கிளிக்கு வால் வெக்க மறந்துடும். நான் கிண்டல் பண்ணுவேன்.”

“உங்கம்மாவுக்கு இந்தக் காயின் விஷயமெல்லாம் தெரியுமா?”

“எங்கம்மாவுக்கு போன்ல பச்சை பட்டன அமுக்கத்தான் தெரியும்.” நிறுத்தி, மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “எப்பவும் ஒத்தக் கிளிதான்க்கா போடும். இன்னிக்கு ரெண்டு போட்டுகீது.”

 “போன் பண்ணு” என்றேன்.

“அண்ணன் எடுத்தா?”

“எடுத்தா வெச்சுடு. பண்ணு.”

தன் போனில், ஆறு மாதமாகத் தொடாத எண்ணை அழுத்தினாள். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரிலும் பட்டுவிட்டது. ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பச்சையம்மா, அவள் அம்மா, ஹலோகூடச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே தணிந்த குரலில் கேட்டார்.

“ஒங்கண்ணன் நம்பர் போட்டுத் தேடிகினே கீறான். வண்டிய உள்ள வெச்சி மூடிகினியாடி?”

சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பொங்கல் கிண்ணத்தை ஓரமாக வைத்து, கதவைச் சாத்திவிட்டு நான் இறங்கி வந்துவிட்டேன்.