ஓடுற சிஸ்டத்துல கை வைக்காதே

அன்று மாலை அந்த அறையில் இருந்தவர்கள்:

ஊசி. வீட்டுக்காரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நரம்பு தேடிக் குத்துகிற வேலை. இணையத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் இந்தப் பெயரில்தான் பதிந்திருந்தாள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. நிஜ வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. மூன்று தடவை தேர்வுக்குப் போய் மூன்று தடவையும் வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டு வந்தவள்.

வாத்தியார். அவள் கணவர். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்த மூன்று தடவையும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

குடைச்சல். அவளுடைய தம்பி. செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். பெயர்க் காரணம் போகப் போகத் தெரியும்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா. ஒரு விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுக்க வந்தவர். எடுத்த பிறகும் போகவில்லை.

கம்ப்யூட்டர். எட்டு வருடப் பழசு. வெள்ளிக்கிழமையிலிருந்து லினக்ஸ்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அதில் இருந்தது வேறு சிஸ்டம். போன பந்தயத்தின்போது, மலைப்பாதையில் ஊசி நாலாவது கியரில் பறந்துகொண்டிருக்கையில், அந்தப் பழைய சிஸ்டம் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது. கார் போயிற்று, ரோடு போயிற்று, நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சீசனில் இரண்டு தடவை பாதியில் விலகினால் ஆள் வெளியே என்பது பந்தயக்காரர்களின் விதி. அது முதல் தடவை. கம்ப்யூட்டர் படுத்ததற்கு நான் என்ன செய்வேன் என்று நடத்துகிறவருக்கு எழுதிப் பார்த்தாள். கார் படுத்தாலும் கம்ப்யூட்டர் படுத்தாலும் எங்களுக்கு ஒன்றுதான் என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த நாள் அதே சிஸ்டம், இந்த மெஷின் கிழடு, அடுத்த பதிப்புக்கு லாயக்கில்லை, புதிதாக வாங்கிக்கொள் என்று அறிவுரை வேறு சொன்னது. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பென் டிரைவோடு வந்தான்.

"முழுக்கத் துடைச்சிடவா?" என்றான்.

"என் போட்டோ எல்லாம் எடுத்து வெச்சிட்டுத் துடை. அதைத் தொலைச்சே, உன்னைத் துடைச்சிடுவேன்."

துடைத்தான். முன்பெல்லாம் ஊசி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். வந்து பார்த்தாலும் அது முனகிக்கொண்டுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டனை அழுத்திவிட்டுத் துண்டை எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் திரை வந்து தயாராக நின்றது. துண்டும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று குளிக்கவில்லை. பிரவுசர் திறந்தது, மெயில் திறந்தது, மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த பிரின்டர் ஒரு கேள்வி கேட்காமல் காகிதத்தைத் துப்பியது. டிரைவிங் ஸ்கூலின் பழைய படிவங்களைத் திறந்து பார்த்த வாத்தியாருக்குத்தான் சந்தேகம் விடவில்லை.

"இலவசம்னு சொல்றே. அப்ப அவன் நம்மகிட்ட எதை எடுத்துக்கிறான்?"

"எதையும் எடுத்துக்கல மாமா. எழுதினதை எல்லாம் யார் வேணா படிக்கலாம்னு திறந்து வெச்சிருக்காங்க."

"திறந்து வெச்ச வீட்டுல எவன் வேணா நுழைவானே, மாப்ள."

"எல்லாரும் வந்து போறதாலதான் மாமா, திருடன் நுழைஞ்சா உடனே கண்ணுல படறான்."

வாத்தியார் படிவத்தில் ஒரு எழுத்துகூடக் கலையவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஆனால் கார் ஓடுமா? அந்த விளையாட்டு பழைய சிஸ்டத்துக்காக எழுதப்பட்டது. "நடுவுல ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கான்க்கா. விளையாட்டு ஒரு பாஷையில கேக்கும், அவன் லினக்ஸ் பாஷையில சொல்லி வாங்கித் தருவான்" என்றான் குடைச்சல். முதல் தடவை திறக்கையில் ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்பியது. ஊசி நகத்தைக் கடித்தாள். பட்டை நிரம்பியது. திரை கறுத்தது. அவள் தம்பியை முறைத்தாள். அப்புறம் ஸ்பீக்கர் உறுமியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜை விளிம்பில் முடுக்கி வைத்திருந்த ஸ்டீயரிங் அவள் கையில் துள்ளியது. அது துள்ளி வெகுகாலம். பழைய சிஸ்டம் அந்த ஸ்டீயரிங்கைக் கைகழுவி விட்டிருந்தது. வெறும் தட்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது சரளைக் கல்லில் ஏறினால் உள்ளங்கையில் சரளை தெரிந்தது. ஈரத்தில் வழுக்கினால் பிடி இளகியது.

"டேய்! ரோடு கையில ஏறுதுடா!" என்று அவள் கத்தியது கீழ்வீடு வரை கேட்டது.

இரண்டு நாள் அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்ததே வேலைக்கும் சோற்றுக்கும்தான்.

மூன்றாம் நாள் மாலை பந்தயம். அதில் இரண்டு சுற்று. முதல் சுற்று மலைப்பாதை, இரண்டாவது பனிமூட்டக் காடு. நடுவில் கொஞ்சம் இடைவேளை. முதல் சுற்றில் எந்தக் குறையும் இல்லை. கம்ப்யூட்டர் மூச்சுக்கூட விடவில்லை. ஊசி எட்டாவதாக வந்தாள். தையல்காரம்மா கைதட்டினார். வாத்தியார், "அந்த மூணாவது வளைவுல கியரை இறக்கியிருக்கலாம்" என்றார். அவர் வாயில் அது பாராட்டு.

"கை வேர்த்துப்போச்சு, கழுவிட்டு வரேன்" என்று எழுந்தவள், தம்பியைப் பார்த்து நின்றாள். "நீ தள்ளி உட்காரு. எதையும் தொடாதே."

"நான் ஏன் தொடப் போறேன்?"

ஓடாத சிஸ்டத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஓடுகிற சிஸ்டத்தைப் பார்த்தும் துறுதுறுக்கிற ரகம் ஒன்று உண்டு. லினக்ஸ் பக்கம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ரகம்தான். சிஸ்டத்தை வைத்து வேறு எதுவும் செய்ய மாட்டார்கள், சிஸ்டத்தையே செய்துகொண்டிருப்பார்கள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் குடைச்சல் நாற்காலியை முன்னால் இழுத்தான். திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புதுசு ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம். விளையாட்டை மூடவில்லை, ஒதுக்கித்தான் வைத்தான். கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலைத் திறந்தான், ஒரு வரி தட்டினான், கடவுச்சொல்லைப் போட்டான். எழுத்துகள் மடமடவென்று ஓடின.

"என்னப்பா அது, மழை மாதிரி கொட்டுது?" என்றார் தையல்காரம்மா.

"சும்மா, ஒரு சின்ன அப்டேட். சவுண்டு இன்னும் துல்லியமா வரும்."

ஊசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. இரண்டாவது சுற்றின் காத்திருப்புத் திரை. மற்றவர்களுடைய பெயர்கள். எதேச்சையாக ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முள் ஏறியது. உறுமல் இல்லை.

மறுபடி மிதித்தாள். சத்தமே இல்லை.

"டேய்."

அவன் ஸ்பீக்கர் ஒயரைப் பார்க்கிற மாதிரி குனிந்தான்.

"டேய், நிமிரு. என்ன பண்ணினே?"

"ஒண்ணுமில்லக்கா... சவுண்டு பார்க்குற புரோகிராமை மட்டும் புதுசாக்கினேன். அது ஒரு தடவை அணைஞ்சு எழுந்திருச்சு. விளையாட்டு இன்னும் பழைய ஆளையே பிடிச்சுத் தொங்குது. மூடித் திறந்தா சரியாயிடும். ரெண்டு நிமிஷம்."

"மூடினா?"

அவன் மறுபடி ஒயரைப் பார்த்தான். மூடினால் பாதியில் விலகிய கணக்கு. இரண்டாவது தடவை. ஆள் வெளியே.

"தட்டிப் பாரேன். எங்க வீட்டு டிவி தட்டினா பேசும்" என்றார் தையல்காரம்மா.

சத்தம் இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். இந்த வகைப் பந்தயத்தில் விளையாட்டுக்குள்ளேயே பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து அடுத்த திருப்பத்தைச் சொல்லிக்கொண்டே வருவான். ஓட்டுகிறவர் கண்ணால் ஓட்டுவதைவிடக் காதால் ஓட்டுவதுதான் அதிகம். திரையில் அம்புக்குறி காட்டக் கூடாது என்பது விதி. காடோ பனிமூட்டம். பானெட்டுக்கு முன்னால் எதுவும் தெரியாது. குரல் இல்லாமல் போனால் முதல் மரத்தோடு கதை முடிந்தது. கார் நொறுங்கினாலும் விலகல் விலகல்தான்.

"கொன்னுடுவேன் உன்னை" என்றாள் ஊசி. கோபத்தில் சொல்லவில்லை. நரம்பு கிடைக்காத நோயாளியிடம் பேசுகிற அதே அமைதியான குரல். குடைச்சலுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வாத்தியார் ஒரு முக்காலியை இழுத்து அவளுக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் சொல்றேன்."

"என்ன சொல்றீங்க?"

"ரோடு. ரெண்டு நாளா இதே காட்டுலதான ஓட்டிப் பழகினே? அந்த ஆள் கத்தின கத்துல எனக்குச் சோறு இறங்கல. எங்க எப்படித் திரும்பணும்னு தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்வேன்."

"நீங்க நேரத்துக்குச் சொல்வீங்களா?"

"என் பிழைப்பே அதான்."

திரையில் தொடக்க விளக்குகள் அணைந்தன. கார் ஓசையில்லாமல் பாய்ந்தது.

"மெதுவா! மெதுவா!" என்றார் வாத்தியார் எடுத்த எடுப்பிலேயே.

"மெதுவா வேண்டாங்க! திருப்பத்தைச் சொல்லுங்க!"

"லெஃப்ட்ல ஒடி! நல்லா ஒடி! நேரா... நேரா... மேடு வருது, மேட்டுக்கு அந்தப் பக்கம் உடனே ரைட்டு!"

ஒடித்தாள். மேட்டில் கார் எழும்பி விழுந்தது. வெண்மையைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் ரைட் திருப்பினாள். பனிக்குள்ளிருந்து ரோடு வந்து சக்கரத்துக்கு அடியில் சேர்ந்துகொண்டது. தையல்காரம்மா விண்ணப்பத்தை வாயில் வைத்துக்கொண்டார். என்ஜின் சத்தம் இல்லாததால் கியர் மாற்றும் நேரம் காதில் விழவில்லை. ஆனால் கை சொன்னது. என்ஜின் வேகம் ஏறும்போது ஸ்டீயரிங் பொடிப்பொடியாக நடுங்கியது, நடுங்கினவுடன் மாற்றினாள். மண் ஈரமானால் பிடி மெத்தென்றாயிற்று, காலை எடுத்தாள். ரத்தக் குழாயைத் தோலுக்கு மேலிருந்தே தடவி அறிகிற விரல்கள். அவற்றுக்கு இது போதுமாக இருந்தது.

"ரைட்டு நீளமா! இன்னும்... இன்னும்... உள்ள வெட்டாதே, கல்லு கிடக்கு! ஆங், அப்படித்தான். செகண்டுக்கு இறக்கு! ஹேர்பின் பெண்டு!"

வாத்தியாரின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. இங்கே தரைதான் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முக்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது.

"ஹேண்ட் பிரேக்கைப் பிடி! விடு! மிதி! மிதிடி!"

"என்னை எப்பவாவது மிதின்னு சொல்லியிருக்கீங்களா?"

"இப்ப சொல்றேன்ல, மிதி!"

மிதித்தாள். குடைச்சல் சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டான், பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். பழைய சிஸ்டத்தில் இந்தப் பனிக் காட்டில் படம் தத்தித் தத்தி வரும். இப்போது அத்தனை மரங்களும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. எட்டு வருடக் கிழடு, இதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது.

திடீரென்று வாத்தியார் வாயடைத்துப் போனார்.

"என்ன? சொல்லுங்க! என்ன வருது?"

"இரு... கரடுமுரடா ஒரு நேர் ரோடு... அதுக்கப்புறம் அந்த ஆள் ஒரு மூச்சு விடுவான்..."

"விட்டுட்டு?"

"பாலம்! பாலம்! ஒல்லிப் பாலம், நடுவுல போ, நேரா பிடி, அசைக்காதே!"

ஊசி கையைப் பூட்டினாள். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் சாம்பல் நிறத்தில் உரசாமல் ஓடி மறைந்தது. பலகையின் ஒவ்வொரு இடுக்கும் உள்ளங்கையில் தட்டியது. "லெஃப்ட் லேசா, ரைட் லேசா, அவ்வளவுதான், போ போ போ!" என்று வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். முக்காலி விழுந்தது. முடிவுக் கோடு பனியிலிருந்து வந்தது, கடந்தது.

பட்டியல் கீழிருந்து மேலே நிரம்பிக்கொண்டே போனது. பாதிப் பேருக்குப் பக்கத்தில் 'விலகல்' என்று இருந்தது. மரம் அவர்களையும் விடவில்லை. ஊசி, இந்தச் சுற்றில் மூன்றாவது. மொத்தத்தில் நாலாவது.

அலறல் யாருடையது என்று சொல்ல முடியாது. ஊசி நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். தையல்காரம்மா, "நம்ம ஆளு எது, சிவப்பா நீலமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரும் கத்தினார். வாத்தியார் விழுந்த முக்காலியை நிமிர்த்தி வைத்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"நாளைக்கே உன்னை நாலாவது தடவை தேர்வுக்கு எழுதிப் போடுறேன்" என்றார்.

"நீங்க இப்படிப் பக்கத்துல உட்கார்ந்து கத்துவீங்கன்னா வரேன்."

குடைச்சல் பட்டியலைச் சேமித்துவிட்டு விளையாட்டை மூடித் திறந்தான். ஸ்பீக்கர் பழைய மாதிரி உறுமியது. அவன் சொன்னது பொய்யில்லை, சத்தம் இன்னும் துல்லியமாகத்தான் இருந்தது; டயருக்கடியில் சருகு நொறுங்குவதுகூடக் கேட்டது. ஊசி கேட்டாள், தலையாட்டினாள். அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"அக்கா, புது கெர்னல் ஒண்ணு வந்திருக்கு, சிஸ்டத்தோட உயிரே அதான். அதுல ஸ்டீயரிங்குக்குன்னே ஏதோ சரி பண்ணியிருக்காங்களாம். ஒரே ஒரு ரீஸ்டார்ட்..."

கை அதற்குள் கீபோர்டுக்குப் போய்விட்டது. ஊசி நாற்காலியிலிருந்து இறங்கினாள். அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். நோயாளிகள் கையை இழுத்துக்கொள்ளாமல் பிடிக்கிற பிடி, திமிற வழி கிடையாது. வாசலுக்கு இழுத்துப் போகிற வழியில் பென் டிரைவை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"என்னக்கா? டிபன் தரேன்னு சொன்னியே!"

"உன் மாமா கொண்டுவந்து தருவாரு."

"ஓடுதுன்னா இன்னும் நல்லா ஓட வைக்கலாமில்ல?"

"ஓடுற சிஸ்டத்துல கை வைக்காதே."

தையல்காரம்மா தயங்கித் தயங்கி எழுந்தார். "அப்ப நானும் கிளம்பட்டுமா?"

"நீங்க உட்காருங்கம்மா. நீங்க எதையும் தொடறதில்ல."

வாசலுக்கு வெளியே அவனை நிறுத்தி, செருப்பைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். அவன் கடைசியாக எட்டி, அவள் தோளுக்கு மேலாக, திரையோரத்துச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தான். அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். சாவியையும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.