மூடிய வரிசை

விடியற்காலையில் இரும்பு குளிர்ந்திருக்கும். அப்போதுதான் அது உண்மை பேசும். வெயில் ஏறி இரும்பு விரிந்துவிட்டால், தளர்ந்த போல்ட்டும் இறுகிய போல்ட்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால்தான் இருபத்தாறு வருஷமாக, வானம் வெளுக்கும் முன்பே சுத்தியல்காரர் அந்த ரோலர் கோஸ்டரின் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் நின்று, குனிந்து, தண்டவாளத்தின் மூட்டில் ஒரு தட்டு. "ணங்" என்றால் சரி. "டொக்" என்றால் உள்ளே ஏதோ கோளாறு. பனியில் கைப்பிடி வழுக்கியது. முழங்கால் முணுமுணுத்தது. கீழே பூங்கா ஈரமாக, ஆளரவமற்றுக் கிடந்தது. நுழைவாயிலுக்கு உள்ளேயும், வெளியே சாலை வரைக்கும் தரையில் மஞ்சள் வட்டங்கள். தொற்றுநோய் வந்த பிறகு, கூட்டம் இடைவெளி விட்டு நிற்பதற்காகப் போட்டவை.

இன்று அவருக்கு வேலை ஓடவில்லை. தட்டினார்; ஆனால் காதுக்குள் வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பி அக்கா போன் செய்திருந்தாள். மேடையில் நின்று, ஏறி உட்கார்ந்தவர்களின் மடிமேல் பாதுகாப்புக் கம்பியை இறக்கிப் பூட்டுகிறவள் அவள். நேற்று வண்டி மேடைக்குள் நுழையும்போது நான்காம் வரிசைக் கம்பி தானாக எழும்பி அவள் முன்கையில் அடித்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

"அண்ணே, நேத்து உங்களுக்கு லீவுதானே?"

"ஆமா. ஆபீஸ்லதான் வர வேண்டாம்னாங்க."

"அப்போ சோதனைத் தாள்ல உங்க கையெழுத்து எப்படி வந்துச்சு?"

அவர் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். பதினோரு வருஷம் ஒரே மேடையில் நின்றவள் அவரைச் சந்தேகப்படுகிறாள். அடிபட்டது அவள் கை. வலி என்னவோ இவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இறங்கி வந்ததும் இயக்குபவர் அறையின் பூட்டைத் திறந்தார். நேற்றைய தாள் அட்டையில் செருகியபடியே இருந்தது. பன்னிரண்டு வரிசைகள். கீழே அவர் பெயர், தெளிவாக, முழுசாக. அதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் பெயரும் முழுசாக.

அப்பாவின் பெயரை அவர் வேலையிடத்தில் எழுதியதே கிடையாது. கிரீஸ் படிந்த கையால் அந்தப் பெயரைத் தொடக் கூடாதென்று ஒரு வைராக்கியம். தாளில் அவர் போடுவது ஒரு கிறுக்கல்தான். அவரைத் தவிர வேறு யாராலும் அதைப் போட முடியாது.

இந்த அறையின் சாவி வேலையாட்களில் இரண்டே பேரிடம் உண்டு. ஒன்று அவரிடம். இன்னொன்று கிரீஸிடம்.

கிரீஸ் என்பது ஆளின் பெயரில்லை; வண்டிக்கு எண்ணெயும் கிரீஸும் போடுகிறவனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பூங்கா திறந்திருப்பதைப் பதினொரு மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரமாகக் குறைத்தபோது, எல்லாருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை என்றாகிவிட்டது. கிரீஸுக்கு மட்டும் தினமும் வேலை. ஏன்? இந்தக் கேள்வியைப் பூங்காவே மென்றுகொண்டிருந்தது. முகக்கவசம் வந்ததிலிருந்து யார் சிரிக்கிறார், யார் பல்லைக் கடிக்கிறார் என்பதே தெரியவில்லை. கண்களை மட்டும் பார்த்தால் எல்லாரும் ஆளை எடைபோடுகிறவர்கள் மாதிரியே இருந்தார்கள்.

ஏழு மணிக்குக் கிரீஸ் வந்தான். சுத்தியல்காரர் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத எழுதினது யாருடா?"

"என்னைக் கேட்டா? நீங்கதான்னு நாங்கல்லாம் நெனச்சுக்கிட்டு இருக்கோம். ஆபீஸ்ல உங்க மாப்பிள்ளை இருக்காரு, வீட்ல உக்காந்தே கையெழுத்துப் போடுவீங்கன்னு பேசிக்கிறாங்க."

"நாக்கை அடக்கிப் பேசு. சாவி உன்கிட்டதான் இருக்கு. தினமும் வேலையும் உனக்குத்தான் தர்றாங்க."

கிரீஸின் கண்கள் சிவந்தன. "ஏன் தர்றாங்கன்னு தெரியுமா? நாலு பேர் செஞ்ச வேலைய என் ஒருத்தன் தலையில கட்டிட்டாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல கிருமிநாசினிய ஓஸ் வெச்சு அடிக்கிறாங்கண்ணே. கம்பியப் பூட்டுற கொக்கியில நான் காலையில வெக்கிற கிரீஸ் மத்தியானத்துக்குள்ள கழுவிட்டுப் போயிடுது. மூணு தடவ ஆபீஸ்ல சொன்னேன். 'மருந்துதானே, துரு பிடிக்காது'ன்னான் ஒருத்தன்." தாளை வெடுக்கென்று பிடுங்கினான். ஒருமுறை பார்த்தான். பிறகு சிரித்தேவிட்டான். "அண்ணே, கண்ணைத் தொறந்து பாருங்க. ரெண்டு, நாலு, ஆறு எல்லாத்துலயும் கோடு போட்டிருக்கு."

சுத்தியல்காரர் பார்த்தார். இடைவெளிக்காக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். தாளில் திறந்த வரிசைகளுக்கு மட்டும் 'சரி' போட்டிருந்தது. அக்காவை அடித்த நான்காவது உட்பட, மூடிய வரிசைகளுக்கு எதிரே வெறும் கோடு.

"ஆள் உக்காராத சீட்டோட கம்பிதான் முதல்ல ஆடும்னு இந்த மேடையில யாருக்குண்ணே தெரியாது? மடி இருந்தா அது தடுக்கும். காலி சீட்டுல என்ன தடுக்கும்? மூடின வரிசைய நான் விட்டேன்னா நீங்க சுத்தியலால என் மண்டையில போட மாட்டீங்க?"

உண்மை. கயிறு கட்டிய முதல் நாளே மூடிய வரிசைகளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். இதை எழுதியவன் கம்பியைத் தொட்டவன் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவன்.

அப்பாவின் பெயரை அவர் முழுசாக எழுதியது ஒரே ஒரு தாளில்தான். மகளின் கல்யாணப் பதிவுத் தாளில். அதன் நகல் யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆபீஸில் மூன்றாவது சாவியும் தொங்குகிறது.

அவர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். கிரீஸ் தன் தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றான்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. பின்னால் ஆபீஸ் கோப்பு ஒன்றை அணைத்தபடி மாப்பிள்ளை. ராட்டினக்காரர், அலைக்குளத்துப் பெண்கள், துப்புரவு ஆட்கள் என முப்பது பேருக்கு மேல் மேடையைச் சுற்றி நின்றார்கள். அவர்களுடைய கண்கள் முதலாளியைப் பார்க்கவில்லை. சுத்தியல்காரரையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தன.

"என்னய்யா கூட்டம்? பன்னிரண்டு மணிக்குத் தொறக்கணும். வெளிய ஜனம் வட்டத்துல வந்து நிக்க ஆரம்பிச்சாச்சு."

"அக்கா கை முறிஞ்சு கெடக்கு. வண்டியில எல்லாக் கொக்கியையும் கழட்டிப் பாக்கணும். ரெண்டு நாள் ஆகும்" என்றார் சுத்தியல்காரர்.

"ரெண்டு நாளா? நேரத்தப் பாதிக்கு மேல குறைச்சாச்சு. தேய்மானமும் பாதிதானே?"

"சீட்டும் பாதிதானுங்க. அதனால மணிக்கு ஓடுற சுத்து ரெண்டு மடங்குக்கு மேல. முன்னாடி நாள் முழுக்க எண்பது சுத்து. நேத்து அஞ்சு மணி நேரத்துல தொண்ணூத்தாறு. சுத்து எண்ணுற மீட்டர் இங்கதான் இருக்கு, பாருங்க."

முதலாளி மீட்டர் பக்கம் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் வந்தார். "சோதனைத் தாள்ல உன் கையெழுத்து இருக்கு. கவனிக்காம விட்டுட்டேன்னு ஒத்துக்க. பத்து நாள் வீட்ல இரு. அப்புறம் வாசல்ல உக்கார வேலை தர்றேன். அது உன் கையெழுத்து இல்லேன்னு ஆச்சுன்னா, மாட்டப் போறது யாருன்னு உனக்குத் தெரியும். பொண்ணு வாழ்க்கையை யோசி. மானமான குடும்பம் உன்னுது."

தாழ்ந்த குரல்தான். ஆனால் மேடையின் தகரக் கூரை அதை எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சுத்தியல்காரருக்கு மகளின் முகம் வந்து நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பிக்கும். முப்பது ஜோடிக் கண்கள் அவர்மேல் இருந்தன. இவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவை ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டதுபோல் இருந்தன.

"மாப்பிள்ளை" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. "இது யார் எழுத்து?"

மாப்பிள்ளையின் கைகள் கோப்பை இறுக்கின. "மாமா, இங்க வேண்டாம். வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல எழுதலையே. இங்கதானே எழுதினீங்க."

மாப்பிள்ளை தலை கவிழ்ந்தார். சுத்தியல்காரர் முதலாளியிடம் திரும்பினார். முதுகு நிமிர்ந்திருந்தது.

"என் குடும்ப மானத்த நான் பாத்துக்குவேன். ஒரு பொம்பளையோட முறிஞ்ச கைய மறைச்சுத்தான் அது நிக்கணும்னா, அந்த மானம் எனக்கு வேண்டாம். நேத்து நான் வரலை. வர வேண்டாம்னது நீங்க. எழுதின கை யாருதுன்னு எனக்குத் தெரியும். எழுதச் சொன்ன வாய் யாருதுன்னு இவங்க எல்லாருக்கும் தெரியும்."

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"அப்போ சுத்தியலக் கீழ வெச்சுட்டுக் கிளம்பு!" முதலாளியின் குரல் இப்போது தாழவில்லை. "ஆளா இல்லை? டேய் கிரீஸ், இன்னிக்குத் தாள்ல நீ கையெழுத்துப் போடு."

கிரீஸ் தலையைச் சொறிந்தான். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே."

தினமும் டீ நேரத்தில் செய்தித்தாளை உரக்கப் படித்து உயிரை வாங்குகிறவன் அவன். முகக்கவசங்களுக்குள் சிரிப்பு குலுங்கியது.

"ராட்டினம், நீ போடு."

"நமக்கும் அதே கதிதாங்க. பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்கினதில்ல."

"எனக்குக் கையே வராதுங்க" என்றாள் அலைக்குளத்துப் பெண் ஒருத்தி. "நேத்து அக்காவுக்கு முறிஞ்சதுல இருந்து எனக்கும் இழுத்துக்கிச்சு."

சிரிப்பு இப்போது வெளியே வந்துவிட்டது. முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்களை மட்டும் வைத்துக்கொண்டு அவராலும் யாரையும் பிரித்தறிய முடியவில்லை. போனைக் காதில் வைத்தபடி ஆபீஸை நோக்கி வேகமாக நடந்தார். மாப்பிள்ளை அசையாமல் நின்றார். பிறகு அவரும் பின்னால் போனார்.

கூட்டம் போடத் தடை இருந்தது. கூடி நின்றால் அதையே காரணமாக்கி விரட்டிவிடுவார்கள். வழி கண்டுபிடித்தது கிரீஸ்தான். "அவங்க போட்ட வட்டத்துலயே நிப்போம். ஒருத்தருக்கு ஒரு வட்டம். எவன் கேப்பான்?"

பதினொன்றரை மணிக்கு நுழைவாயிலின் உட்புறத்து மஞ்சள் வட்டங்களில் அவர்கள் வரிசையாக நின்றார்கள். கேட்டுக்கு வெளியே, குழந்தைகளைத் தோளில் தூக்கிய ஜனம் அதே மாதிரி வட்டங்களில் நின்று முணுமுணுத்தது. துப்புரவுக்காரர் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்: சோதனை தினமும் வேண்டும், நாலு பேர் வேண்டும், அக்காவின் வைத்தியம் பூங்காவின் பொறுப்பு. வெளியே ஒருவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். தோளிலிருந்த மகளைக் கீழே இறக்கி, கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சுத்தியல்காரர் கம்பி அக்காவுக்கு வீடியோ கால் போட்டார். போனை உயர்த்திப் பிடித்து வரிசை முழுவதையும் காட்டினார்.

"அண்ணே," என்றாள் அவள் போன் திரையிலிருந்து, "கடைசியில ஒரு வட்டம் காலியா இருக்கே. எனக்கா?"

"உனக்கு என் பக்கத்துல எடுத்து வெச்சிருக்கேன். அது வேற ஒருத்தருக்கு."

கிரீஸ் திரும்பிப் பார்த்தான். ஆபீஸ் கதவு பாதி திறந்திருந்தது. கதவு நிலையில் கோப்போடு ஓர் உருவம் நின்றது. வெளியே வரவுமில்லை, உள்ளே போகவுமில்லை.

"வருவாராண்ணே?"

"தெரியாது" என்றார் சுத்தியல்காரர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சுத்தியலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா அந்த வட்டத்துல யாரும் கால் வெக்காதீங்க."