எல்லாரும் அடங்கும் லென்ஸ்

காளீஸ்வரனிடம் கேமரா இருப்பது ஆர்.எஸ்.மங்கலத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் அவன் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காதுகுத்து, சடங்கு, வீடு பால்காய்ச்சு என்று ஏதாவது ஒன்றுக்கு அழைப்பு வந்துவிடும். அவனுடையது சூம் லென்ஸ். நின்ற இடத்தை விட்டு நகராமல் மேடை முழுவதையும் எடுப்பான். ஒரு திருகு திருகி மணப்பெண்ணின் மூக்குத்தியை மட்டும் எடுப்பான். ஆறு வருட விசேஷங்களில் ஒரு படத்தில்கூட அவன் இல்லை.

போன தை மாதம் ஒரு பிரைம் லென்ஸ் வாங்கினான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் இழுத்துக் கிட்டே கொண்டுவருகிற வேலை கிடையாது; ஆளைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் நடந்து பக்கத்தில் போக வேண்டும். இருட்டுச் சமையலறையில்கூட பிளாஷ் இல்லாமல் படம் நன்றாக விழுந்தது. மனைவி துர்காதேவி ஈரத்தலையைத் துவட்டுவது, மகள் சிநேகா பஸ் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு வருவது என்று தினம் ஒன்று எடுத்தான். யாரும் கேட்டு எடுத்தவை அல்ல. சூமை மதுரையில் ஒரு கடையில் விற்றுவிட்டான். அது இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தான்.

கூப்பிட்டார்கள். அக்கா நாகலெட்சுமியின் மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயில் முன்னால் நாற்பது பேர் வரிசை கட்டி நின்றார்கள். படத்துக்குள் பாதிப் பேர்தான் வந்தார்கள்.

"இன்னும் பின்னால போலே," என்றார் பெரியப்பா மருதுபாண்டி.

போனான். கண்மாய்க் கரைச் சரிவில் கால் வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினான். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"அந்தப் பெரிய லென்ஸு எங்கலே?"

"வித்துட்டேன் பெரியப்பா."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஆனியில் பெரியப்பாவுக்கு இராமேஸ்வரத்தில் அறுபதாம் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மைக்கில் அவன் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். காளீஸ்வரனுக்குக் கூச்சமும் சந்தோஷமுமாக இருந்தது. பெரியப்பா ஒரு பெட்டியைக் கையில் வைத்தார்.

"பணமுடையிலதானலே வித்த? எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவர் குரல் உடைந்தது. "பங்காளிக எல்லாம் சேந்து வாங்குனோம். பழசவிட இது ஒசத்தியாம்ல."

உள்ளே சூம் லென்ஸ் இருந்தது. 'முடையில விக்கல பெரியப்பா' என்று சொல்ல வாயெடுத்தான். அதைச் சொன்னால் பிறகு ஏன் விற்றான் என்பதையும் சொல்ல வேண்டும். எதிரே நாற்பது முகங்களும் அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தன.

"ரொம்ப சந்தோசம் பெரியப்பா," என்று சிரித்தான்.

அங்கேயே மாட்டச் சொன்னார்கள். மாட்டினான். மண்டபத்து மூலையில் நின்றபடியே எல்லாரும் அடங்கினார்கள். திருகினான், பெரியப்பாவின் ஈரக் கண்கள் நெருங்கி வந்தன. ஓரடிகூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

பந்திக்குப் போகும் வழியில் துர்காதேவி பக்கத்தில் வந்தாள்.

"உண்மையச் சொல்லிருக்கலாம்லங்க?"

"சொல்லி?"

அவன் தோளில் இருந்த கேமரா வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏலே காளி, இங்கன வா," என்று பந்தியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "ஆவணியில என் நாத்தனாருக்கு வளைகாப்பு. இப்பவே லீவு சொல்லி வச்சிரு, என்ன?"

"சரிக்கா," என்றான்.