ஐந்து போன்கள் இருந்த வீடு

எங்கள் வீட்டில் ஆணி அடிப்பது முதல் மோட்டாரைப் பிரித்துப் போடுவது வரை எல்லாம் நான்தான். வேலை என்னவோ மூக்குக்கண்ணாடிக் கடையில். அக்கா என்னை ‘விஞ்ஞானி’ என்று கூப்பிடுவாள். அதில் பாதி பாராட்டு, பாதி கிண்டல். நான் பாராட்டை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அக்காவின் சிறுநீரகங்கள் கைவிட்டு நான்கு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தவில்லை. அதனால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். யாராவது இறந்து, அவருடையது பொருந்தினால் கூப்பிடுவார்கள். அரை மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் கையில் ஊசி போட இனி இடமில்லை. போன மாதம் டாக்டர், “இந்த வருஷத்துக்குள்ள கிடைச்சுட்டா...” என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய பாறை ஒன்று நிற்கிறது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் மொபைலில் சிக்னல் செத்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் வீட்டு நம்பரைத்தான் முதலில் கொடுத்திருந்தோம். அந்த ஒரு கால் வரும்போது காதில் விழாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில், மூடிப்போன ஆபீஸ்களில் கிடந்த கனமான பழைய மணி போன்களாகத் தேடிக் கொண்டுவந்தேன். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, இரண்டு படுக்கையறையிலும் ஒவ்வொன்று, குளியலறை வாசலில் ஒன்று.

“கக்கூஸ் வாசல்ல எதுக்குங்க போன்?” என்றாள் என் மனைவி.

“அக்கா உள்ள இருக்கிறப்ப வந்தா?”

ஒரு கால் வந்தால் ஐந்தும் சேர்ந்து வீட்டைத் தூக்கிவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை அலறிக்கொண்டு எழுந்துகொள்ளும். எனக்கு அதில் அவ்வளவு திருப்தி.

இந்த நிலைமையில்தான் தொலைபேசிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தெருவில் போகும் பழைய கம்பிகளை எடுக்கிறார்களாம். இனி இன்டர்நெட் வழியாகத்தான் பேச வேண்டுமாம். நம்பர் மாறாது. வெள்ளிக்கிழமையோடு பழைய லைன் நின்றுவிடும், ஆனால் புதியதை இணைத்துக் கொடுக்கும் ஆள் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு வாரம் அக்கா போன் இல்லாமல் இருப்பதா? அவர்கள் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டு, போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் பெட்டியை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. கூடவே ஒரு குறிப்புத்தாள். அதையெல்லாம் படிப்பது வேலை தெரியாதவர்களின் பழக்கம் என்பது என் கட்சி.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். வெளிச்சுவரில் இருந்த டப்பாவைத் திறந்து, தெருவிலிருந்து வரும் கம்பியை முதலில் கழற்றினேன். அதைக் கழற்றாமல் சேர்த்தால் புதுப் பெட்டி கருகிப்போகும். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதில்தான் எத்தனை பெருமை! பிறகு பெட்டியை வீட்டில் ஏற்கெனவே இருந்த இன்டர்நெட் ரூட்டரில் சொருகி, அதிலிருந்து ஒரு வயரை ஹால் சுவரில் இருந்த சாக்கெட்டில் கொடுத்தேன். சுவருக்குள் ஓடும் பழைய வயர் வழியாக ஐந்து போனுக்கும் உயிர் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்தேன். ஐந்திலும் ‘கொர்ர்’ சத்தம். ஐந்திலிருந்தும் கடை முதலாளியைக் கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை அவர், “உனக்கு வேற வேலை இல்லையா?” என்று வைத்துவிட்டார்.

அக்கா நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளிய போறது சரி. உள்ள வர்றது?”

“போற வயர்லதான்க்கா வரவும் செய்யும்.”

“ஒரு தடவ அடிச்சுப் பாத்துட்டா என்னடா?”

“எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதக்கா!” என்று எரிந்து விழுந்தேன்.

“சரிங்க விஞ்ஞானி” என்று சிரித்தாள்.

அடித்துப் பார்க்க மொபைலை எடுத்துக்கொண்டு கேட் வரை போக வேண்டும். இருபது அடி தூரம். நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். காலையில் ஹாலில் உட்கார்ந்து சீட்டாடினோம். அக்கா எங்கள் இரண்டு பேரையும் தோற்கடித்தாள்.

திங்கட்கிழமை அவளை மெஷினில் படுக்கவைத்த பிறகு, சிறுநீரக மாற்று சிகிச்சைப் பதிவைப் பார்க்கும் நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“நேத்து எங்க போயிட்டீங்க? காலைல பத்தே முக்கால்லேருந்து மூணு தடவ அடிச்சேன். வீட்டு நம்பர் ரிங் போயிட்டே இருந்துச்சு. உங்க மொபைலும் கிடைக்கல.”

“வீட்டுலதாங்க இருந்தோம்” என்றேன்.

“நல்லாப் பொருந்தியிருந்துச்சுங்க. அவங்க ரத்தத்துக்கு இந்த மாதிரி மறுபடி அமையுமான்னு தெரியல. வேற ஒருத்தருக்கு வெச்சுட்டாங்க.” என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அவங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க.”

வீடு வரும் வரை நான் சொல்லவில்லை. அக்காவை ஹால் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் வீட்டு நம்பரை அழுத்தினேன். என் காதில் ரிங் போனது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அக்காவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே போன் இருந்தது. அவள் புடவை முந்தானையில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு தடவை ரிங் போனது. அவள் திரும்பக்கூட இல்லை.

உள்ளே போய், மேஜை இழுப்பறையில் கசங்கிக் கிடந்த குறிப்புத்தாளை எடுத்துப் படித்தேன். பழைய மணி போன்களாக இருந்தால் இரண்டுக்கு மேல் இணைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சின்னப் பெட்டியின் சக்தி இரண்டு மணிகளை அடிக்கத்தான் போதும். ஐந்துக்குப் பங்கு போட்டால் ஒன்றுகூட அசையாது. அவளுக்காக ஒவ்வொரு அறையிலும் நானே மாட்டிய போன்கள்! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஹால் போனை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டேன்.

“என்னடா பண்றே?”

“ஒண்ணுமில்லக்கா. தூசி.”

சோதித்துப் பார்க்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பயந்து, வாயை மூடிக்கொண்டு மறுபடி கேட்டுக்குப் போய் நம்பரை அழுத்தினேன்.

மணி கணீரென்று அடித்தது. அக்கா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். அவ்வளவு வேகமாக அவள் எழுந்து நான் பார்த்து வருடக் கணக்காகிறது. இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹலோ, ஆஸ்பத்திரியா? நான்தான் பேசறேன். ரெடியா இருக்கேன், துணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். தம்பி இங்கதான் இருக்கான். இப்பவே கிளம்பிர்றோம். கிடைச்சிருச்சாங்க?”

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா... நான்தான்.”

“நீயா? வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்குடா போன் பண்றே? உசிரே போச்சு.” அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“நேத்து கூப்பிட்டிருக்காங்கக்கா. மூணு தடவ. மணி அடிக்கல. நான் மாட்டினது சரியில்ல. அது வேற ஆளுக்குப் போயிருச்சு.”

ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்தாள். ரிசீவர் இன்னும் காதில்தான் இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நேத்தா?” என்றாள், சின்னப் பெண்ணைப் போல. “நேத்து பூரா நான் இந்த போன் பக்கத்துலதானேடா உக்காந்திருந்தேன்?”