சதக்கத்துல்லாவின் இடது கை

புதுமடம் சதக்கத்துல்லாவின் கை சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் தாளம், பஸ்ஸுக்கு நின்றால் தொடையில் தாளம். தொழுகையில் நிற்கும்போது மட்டும் அல்லாவுக்குப் பயந்து அடங்கியிருக்கும். குடியரசு தின விழாவுக்கு இன்னும் மூன்றே நாள் என்று ஆனபிறகு அந்தக் கை பட்ட பாட்டைப் பார்த்து அவர் மனைவி நஃபீசாவே கலங்கிப்போனாள்.

“மீன் ஆணம் ஆறிப்போவுது. மொதல்ல சோத்துல கைய வைங்க,” என்றாள். “பகலெல்லாம் சுவத்தப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டு! வெளிய யாராச்சும் பாத்தா ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாக.”

“அறுபது பேரு நஃபீசா. அறுபது பேரும் ஒண்ணா வாயத் தொறக்கணும்.”

“அவுக தொறப்பாக. நீங்க சாப்புடத் தொறங்க.”

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அவரை உறுத்தியது பாட்டு மட்டும் இல்லை. யுத்த காலத்தில் பட்டாளத்து பேண்டில் அவர் கிளாரினெட் ஊதியது உண்மை. ஆனால் ஊதியது இரண்டாம் வரிசையில், கடைசி நாற்காலியில். நாற்பத்தாறில் ஊர் திரும்பியபோது டீக்கடையில் ஒருவர், “பட்டாளத்துல பேண்டு மாஸ்டரா இருந்தீகளாமே?” என்று கேட்டார். கேட்டவர் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தார். அன்றிலிருந்து பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் அவர் மாஸ்டர். அப்படி யாராவது கூப்பிடும்போதெல்லாம் முதுகு கூசும். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது. மனுஷன்தானே!

பக்கத்தில் மண்டபம் ஊரில் நடக்கும் விழாவுக்குச் செயலாளர், சிக்கல் ஊர்க்காரர் முனியசாமி. நிலபுலன் உள்ளவர், ஆசையும் பெரிது. “இந்த வருசம் கலெக்டர் வாராரு. கூட்டமா நின்னு பாடணும், கூடவே பேண்டு வாசிக்கணும். மாஸ்டர் நீங்க இருக்கையில எனக்கென்ன கவலை?” என்று போன மாசமே வந்து நின்றார். சதக்கத்துல்லா மறுபடியும் தலையை ஆட்டினார். போகிற போக்கில் முனியசாமி, “சரிப்பட்டு வரலேன்னா முன்னாடியே சொல்லிப்புடுங்க, ரிக்கார்டு போட்டுக்கிருவோம்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. மேடையில் ஒரு இடம் தப்பினால் போதும், பத்து வருஷப் பொய் கலெக்டர் முன்னாலேயே சந்தி சிரித்துவிடும்.

பாடுவதற்கு அவர் பிடித்தது புதுமடத்துக் கரைவலைக்காரர்களை. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், இரண்டு கயிற்றையும் பாடிக்கொண்டே இழுத்து வலையைக் கரையேற்றுகிறவர்கள். ஒருவன் முந்தி ஒருவன் பிந்தினால் வலை கோணிக்கொள்ளும். அதனால் தாளம் அவர்கள் உடம்பிலேயே ஊறிக் கிடந்தது. அவர்களுக்குத் தலைவன் சோணைமுத்து, கடலையே அதட்டுகிற குரல்காரன். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கடலை வாழ்த்தி ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்தார். ராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்யாண பேண்டு செட் வந்து சேர்ந்துகொண்டது.

ஒத்திகையில் சதக்கத்துல்லா தன் பழைய வெள்ளைக்கார மாஸ்டரை அப்படியே காப்பியடித்தார். வலது கையில் குச்சி, இடது கை முதுகுக்குப் பின்னால். அந்த மாஸ்டர் அப்படித்தான் நிற்பார். கடைசி நாற்காலியிலிருந்து பார்த்ததில் அதற்கு மேல் ஒன்றும் பிடிபட்டதில்லை. முதல் நாள் டிரம்பெட் முன்னால் ஓடியது, பாட்டு பின்னால் நொண்டியது. குச்சியை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் பயனில்லை. நாலாம் நாள் தற்செயலாக, குச்சியை இறக்குவதற்கு முன் அவர் ஒரு மூச்சு இழுத்தார். அறுபது பேரும் அவரோடு சேர்ந்து இழுத்தார்கள், அடுத்த கணம் பாட்டு ஒரே குரலாக வந்து விழுந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் பேண்டில் இருந்தும் இது தெரியாமல் போச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

விழா அன்று கடற்கரைப் பந்தலில் காற்று பேயாட்டம் ஆடியது. பேண்டுக்காரர்களின் தாள்களைக் கல் வைத்து அமுக்கவேண்டியிருந்தது. கயிறு பிடிக்கும் வழக்கப்படியே முப்பது பேர் இடப்பக்கம், முப்பது பேர் வலப்பக்கம் நின்றார்கள். முன் வரிசையில் கலெக்டர், பக்கத்தில் முனியசாமி. சதக்கத்துல்லாவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. குச்சியைத் தூக்கி, மூச்சை இழுத்து, இறக்கினார்.

பாட்டு கிளம்பியது. பல்லவி, அனுபல்லவி எல்லாம் நன்றாகவே போயின. டிரம்பெட் முந்தப் பார்த்தது, ஒரு முறை முறைத்ததும் அடங்கியது. கடைசிச் சரணத்தில் குரலும் பேண்டும் ஒன்றையொன்று பிடித்து ஏற ஏற, மனுஷன் தன்னை மறந்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கை எப்போது வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது. இன்னும், இன்னும் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

அறுபது பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

பேண்டு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி, துணைக்கு ஆளில்லாமல் தடுமாறி, அதுவும் நின்றது. காற்றுச் சத்தம்தான் மிச்சம். அந்த மௌனத்தில்தான் அவருக்கு உறைத்தது. வலை வரும்போது மீன் சேரும் மடிக்குப் பக்கத்தில் ஒருவன் நீந்திக்கொண்டே வருவான். ஒரு கையைத் தூக்கினால் இழு என்று அர்த்தம். இரண்டு கையையும் தூக்கினால் வலை பாறையில் மாட்டியிருக்கிறது, நிறுத்து. அதற்கு மேல் ஒரு முழம் இழுத்தாலும் வலை நார்நாராகிவிடும். பிறந்ததிலிருந்து பார்த்த சங்கதி, புத்தியில் ஏறாமல் போய்விட்டது.

முடிந்தது கதை என்று நினைத்தார். மேடையை விட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் எதிரே பார்த்தார். ஒருவன்கூடக் கலெக்டரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அவர் கையில் இருந்தது. பட்டாளத்தில் இத்தனை வருஷம் ஊதியும் தான் ஒரு நாளும் மாஸ்டரை இப்படிப் பார்த்ததில்லையே, தாளைத்தானே பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

இடது கையை மெல்ல இறக்கினார். வலது கை மட்டும் மேலே நின்றது. மூச்சை இழுத்தார், அவர்களும் இழுத்தார்கள். பேண்டுக்காரர்கள்கூட இழுத்தார்கள். கையை இறக்கியபோது எழுந்த சத்தத்தில் பந்தலே அதிர்ந்தது. சரணம் முடிந்ததும் கலெக்டரே எழுந்து நின்று கைதட்டினார்.

முனியசாமி மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். “அந்த நிறுத்தம் இருக்கே மாஸ்டர்! கலெக்டரே அசந்துபோனாரு. பட்டாளத்துல பழகுனதா?”

தலையை ஆட்டினால் போதும். பத்து வருஷமாகப் பழகிய வேலை. ஆனால் அதற்குள் சோணைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வியர்வை வழிய வந்து நின்றான்.

“என்ன மாஸ்டர் ஆச்சு? எங்க என்ன கோளாறு? ரெண்டு கையும் மேல போனதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு.”

அந்த முகத்துக்கு எதிரே பொய் வரவில்லை. “ஒரு கோளாறும் இல்ல சோணை. தப்பு என்னோடது. சந்தோசத்துல தூக்கிப்புட்டேன்,” என்றார் சதக்கத்துல்லா. பிறகு முனியசாமி பக்கம் திரும்பினார். “பட்டாளத்துல நான் மாஸ்டரே இல்ல. ரெண்டாம் வரிசையில கிளாரினெட் ஊதுனேன், அம்புட்டுத்தான். ஆளுகளுக்கு முன்னால நின்னு கையத் தூக்குனது இந்த விழாவுக்குத்தான் மொதத் தடவ.”

முனியசாமி திறந்த வாயை மூடவில்லை. சோணைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். அவன் முகத்தில் கோபம்தான் இருந்தது.

“பட்டாளத்துல நீங்க என்னவா இருந்தா எங்களுக்கென்ன? இங்கன நிப்பாட்டச் சொன்னீக, அறுபது பேரும் நிப்பாட்டுனோம். ஏன்னு ஒருத்தன் கேட்டானா? சந்தோசத்துக்கெல்லாம் கையத் தூக்காதீக. அடுத்த தடவ தூக்குனா நெசமாத் தூக்கணும். சொல்லிப்புட்டேன் மாஸ்டர்.”

திட்டுதான். ஆனாலும் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பெயரைக் கேட்டு அவருக்கு முதுகு கூசவில்லை. “சரிப்பா” என்றார்.