துராரின் பேரில் எடுத்த ரத்தம்

ஏரிக்கரை ஊரான கரகோலில் மல்யுத்தம் நடந்தால் நடுவர் துராராகத்தான் இருப்பார். அறுபத்தெட்டு வயதிலும் நெஞ்சை நிமிர்த்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பி துளியும் சாயாமல் நடப்பார். "டாக்டர் வீட்டு வாசல் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது" என்று விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாத்திரைகளைப் பழைய காரின் டாஷ்போர்டுக்குள், துடைக்கிற துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மனைவி சைரகானுக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் ஒன்றும் கேட்டதில்லை. ஜாம் கிண்ணத்தை மட்டும் அவர் கைக்கு எட்டாத பக்கமாக வைக்கப் பழகிக்கொண்டாள்.

ஜெர்மனியில் இருக்கும் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொட்டில் விழாவுக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போவதாக ஏற்பாடு. விசாவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மீரிம், சம்பந்தியம்மா உல்கானின் அக்கா மகள். அதனால் எல்லாரும் ஒன்றாகவே போனார்கள். துராருக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

"சித்தி எல்லாத்தையும் சொல்றேன், நீ கேக்க வேண்டியதைக் கேளு" என்று உல்கான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னென்ன வியாதி இருக்கு சித்தி?"

"சரி, எழுது. பிரஷர். பித்தப்பையை எடுத்தாச்சு. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும். அதையும் எழுதிக்கோ, ஃப்ளைட்ல ஓரத்து சீட்டுக் குடுப்பாங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உல்கானும் திரும்பிப் பார்த்துச் சேர்ந்து சிரித்தாள். துராருக்கு அவளுக்காகக் காது சூடாகியது. ஒரு பெண்பிள்ளை இப்படியா ஊரைக் கூட்டிச் சொல்வாள்!

"மாமா, உங்களுக்கு?"

"எனக்கா? ஒண்ணுமில்ல."

"சர்க்கரை, இதயம், ஏதாவது..."

"ஒண்ணுமில்லன்னேன்ல!"

"சம்பந்திக்கு என்ன கேடு? ஆட்டுக்கிடாவைத் தோள்ல தூக்கிட்டு வந்தவராச்சே நிச்சயத்துக்கு" என்றாள் உல்கான். கேலியா பாராட்டா என்று அவருக்குப் புரியவில்லை. சைரகான் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீரிம் தயங்கினாள். "அறுபத்தஞ்சு தாண்டினவங்க வியாதி இல்லைன்னு சொன்னா, ரத்தப் பரிசோதனை கேக்கறாங்க மாமா. வியாதி இருக்குன்னு சொன்னா கொஞ்சம் கூடக் கட்டினாப் போதும்."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "குடு, பண்ணிட்டு வரேன்" என்று சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு எசென்கான் தேனீ வளர்க்கிறவர். துராரைவிட இரண்டு வயது சின்னவர், அவரைத் 'துராகே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், ஒல்லியானவர், கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு எதற்கு என்று கேட்காதவர். அன்று மாலை வேலியோரம் துராரின் தயக்கத்தைப் பார்த்து அவரே கேட்டார்.

"என்ன துராகே, முகமே சரியில்ல?"

உலகத்தில் முதல் முறையாக ஒரு மனிதரிடம் துரார் தன் வியாதியைச் சொன்னார். வந்த காரியத்தையும் சொன்னார்.

"அவ்வளவுதானா? நான் போய்க் கையை நீட்டிட்டு வரேன். நர்ஸ் தொப்பியைத்தான் பாக்கும், மூஞ்சியை எவ பாக்கறா?"

"யாருக்கும் தெரியக் கூடாது."

"என் தேனீகிட்டகூடச் சொல்ல மாட்டேன், போங்க."

சொன்னபடியே போனார். துராரின் பேரைச் சொல்லிக் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, வரும் வழியில் சந்தையில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து மீரிம் போன் செய்தாள். குரல் வழக்கம்போல இல்லை. "மாமா, சர்க்கரை சின்னப் பையனுக்கு இருக்கற மாதிரி இருக்கு. ஆனா... கல்லீரல்ல கிருமி இருக்காம். ஹெபடைடிஸ் சி. நீங்க உடனே டாக்டரைப் பாருங்க மாமா. இதோட பாலிசி போட முடியாது."

துரார் போனை வைத்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தார். முதலில் எசென்கானைத்தான் நினைத்தார். அடுத்த நொடியே தன்னை நினைத்தார். எசென்கானிடம் சொன்னால் அவர் மனைவி ஜூமாகுலுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால், இவர் பேரில் அவர் எதற்காக ரத்தம் கொடுத்தார் என்ற கேள்வி வரும். அப்புறம் ஊருக்கே வெளிச்சம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்தார்.

மறுநாள் எசென்கான் தேன்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"ரிசல்ட் வந்துச்சா துராகே? நான் பாஸா ஃபெயிலா?"

துராரின் வாய் தானாகச் சொல்லிற்று: "பாஸ்."

"பாத்தீங்களா! நம்ம ரத்தம் தங்கம்" என்று சிரித்துவிட்டு எசென்கான் மறுபடி சுத்தியலை எடுத்தார். துரார் வீட்டுக்குள் வந்து வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை உல்கான் வந்தாள். குழந்தைக்கு என்னென்ன கொண்டுபோவது என்று பேச வந்ததாகச் சொன்னாள். சைரகான் மேசை நிறையப் பணியாரமும் புது ரொட்டியும் வைத்திருந்தாள். குழந்தை பேரைச் சொல்லித் தேன் கொண்டுவந்த எசென்கானையும் விடாமல் பிடித்து உட்கார வைத்தாள். உல்கான் வழக்கத்துக்கு மாறாக அதிகம் பேசவில்லை. சைரகான் தேநீர் ஊற்றப் போனபோது, உல்கான் அவர் தனியாகக் குடிக்கத் தன் பையிலிருந்து காகிதக் கோப்பை ஒன்றை எடுத்துத் துரார் முன்னால் வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. மீரிம் அவ அம்மாகிட்டச் சொல்லி, அவ என்கிட்டச் சொன்னா. கல்லீரல் சமாச்சாரம். பச்சைக் குழந்தை இருக்கற வீடு. நீங்க இந்தத் தடவை வராம இருந்தா நல்லது."

"என்ன கல்லீரல்?" என்றாள் சைரகான், கெட்டிலைப் பிடித்தபடி.

துரார் அந்தக் காகிதக் கோப்பையைப் பார்த்தார். ஊரெல்லாம் தன்னை ஒதுங்கி உட்காரச் சொல்வது போல இருந்தது. எத்தனையோ பேரை மண்ணில் சாய்த்த, எத்தனையோ பேரைச் சாய்ந்தான் என்று தீர்ப்புச் சொன்ன மனுஷன். ரத்தம் தலைக்கு ஏறியது.

"எனக்கு ஒண்ணுமில்ல! அது என் ரத்தமே இல்ல. எசென்கானோட ரத்தம். வியாதி அவனுக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது.

எசென்கான் உதட்டுக்குக் கொண்டுபோன தேநீர்க் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை மறுபடி எடுத்து, சட்டைக் கைநுனியால் விளிம்பைச் சுற்றித் துடைத்து, மற்றக் கிண்ணங்களிலிருந்து தள்ளி வைத்தார்.

"எப்பத் தெரியும் துராகே?" என்று கேட்டார்.

துரார் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார்.

"அவரு பேர்ல நீங்க எதுக்கு ரத்தம் குடுத்தீங்க?" என்று உல்கான்தான் கேட்டாள்.

எசென்கான் துராரைப் பார்த்தார். சர்க்கரை என்ற சொல் அவர் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். "ஊசின்னா எனக்கு ஆசை" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

துராருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "எனக்குச் சர்க்கரை இருக்கு. அதை மறைக்கத்தான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"தெரியும்" என்றாள் சைரகான். அந்த ஒரு சொல்லை அவள் அவ்வளவு கடுப்பாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. உல்கான் காகிதக் கோப்பையைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முகம் சிவந்து, எழுந்து புறப்பட்டாள்.

பொழுது சாயுமுன் துரார் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஜூமாகுல் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"எத்தனை நாளா மறைச்சீங்க?"

"நாலு நாள்."

"நாலு நாளும் வேலிக்கு அந்தப் பக்கம்தானே நின்னீங்க? 'பாஸ்'னீங்களாமே. இந்த மனுஷன் அதை என்கிட்டப் பெருமையா வந்து சொல்லிச்சு."

"தப்புதான் ஜூமாகுல். காலைல பிஷ்கெக் போலாம். பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"போலாம் துராகே" என்று உள்ளே இருந்து எசென்கானின் குரல் கேட்டது. ஜூமாகுல் கதவைச் சாத்தினாள்.

தலைநகருக்கு ஏரிக்கரையோரமாகப் போகும் அந்த நீண்ட சாலையில் துராரே காரை ஓட்டினார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கல்லீரல் இன்னும் கெடவில்லை, மூன்று மாசம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், ஒரே கோப்பையில் குடித்தாலோ கை கொடுத்தாலோ இது தொற்றாது என்று சொன்னாள். "நல்ல சமயத்துல வந்தீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இவர்தான் பரிசோதனைக்கு அனுப்பினார்" என்றார் எசென்கான்.

துரார் சுவரில் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் திரும்பிய பிறகு அவர் மீரிமிடம் போனார். ஆள் மாறின கதையைக் கேட்டு அவள் அழுதே விட்டாள். மேலதிகாரிக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றாள். துரார் அந்த அதிகாரியிடம் தானே போய் எல்லாவற்றையும் சொல்லி, மீரிமுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். அந்த நிறுவனம் அவருக்குப் பாலிசி தர மறுத்துவிட்டது. வேறொரு நிறுவனத்தின் வரிசையில் நின்று, "சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடறேன்" என்று சொன்னார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டச்சு செய்தான். கூடக் கட்டச் சொன்ன தொகை ஒரு நல்ல தொப்பியின் விலைகூட இல்லை. இதற்குள் தொட்டில் விழா முடிந்துவிட்டது. அவரும் சைரகானும் இலையுதிர்காலத்தில் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்த வாரம் எசென்கான் குணமாகிவிட்டதாக டாக்டரம்மா சொல்லியிருந்தாள். எசென்கான் ஆடு அடித்துத் தெருவுக்கே விருந்து வைத்தார். கதவுக்கு எதிரே இருக்கும் மரியாதை இடத்தில் துராரை உட்கார வைத்தார்.

"இந்த மனுஷன் இல்லைன்னா நான் வியாதியோடயே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "பிடிச்சுத் தள்ளி ரத்தம் குடுக்க வெச்சார். பிஷ்கெக் வரைக்கும் கார் ஓட்டினார்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒருவர் எழுந்து துராரின் தோளில் கை வைத்து, அண்டை வீட்டான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசினார். உல்கானும் அங்கே இருந்தாள். ஊரில் எதையும் விட்டுவைக்காமல் பேசும் அவள், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு இறைச்சியைப் பிய்த்தாள்.

"அப்படி இல்ல, நான்..." என்று துரார் எழப் போனார். எசென்கான் மேசைக்கு அடியில் அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

"உட்காருங்க துராகே. சாப்பாடு ஆறுது."

அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் துராருக்குத் தாங்கவில்லை. ஜூமாகுல் தேநீர் ஊற்றிக்கொண்டே சுற்றி வந்தாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "எடுத்துக்குங்க" என்று கிண்ணத்தை நீட்டினாள். துராருக்கு நீட்டும்போது கிண்ணத்தை மட்டும் பார்த்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கொதிக்கக் கொதிக்கக் குடித்தார்.