ஒரு நிமிட மலை

1

இந்தக் கதை என் வாயால் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எழுத ஒன்றுமே கிடைத்திருக்காது.

துபாய்க்கு அடுத்த ஊரில், ரோலா என்ற பகுதியில் எங்கள் எதிர் ஃபிளாட் ருக்கையாக்கா, கீழக்கரைக்காரர். செவ்வாய்தோறும் கம்பளிக் குல்லாவையும் கையுறையையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்புவார். வெளியே நாற்பத்தாறு டிகிரி. எதிர் வீட்டுக்காரி என்ன செய்வாள்? பின்னாலேயே பஸ் ஏறினேன்.

2

தொடக்கங்கள்:

'மலை அவளை அழைத்தது. அவள்—' (அடித்துவிட்டேன். அது யாரையும் அழைப்பதில்லை. துபாயில் ஒரு மாலுக்குள், செருப்புக் கடையைத் தாண்டினால் இருக்கிறது. கூரை போட்ட பனிச்சரிவு. பனியைக் கொட்டுவது இயந்திரம்.)

'இருபத்தெட்டு வயது ருக்கையா—' (ஐம்பத்தொன்று. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.)

3

அக்காவுக்கு ஒரு ரகசியச் சோகம் இருந்தால் கதைக்கு நல்லது என்று, கண்ணாடிச் சுவருக்கு இப்பால் காபிக் கடையில் ஏழு வாரம் உட்கார்ந்தேன்.* ஒன்றும் சிக்கவில்லை. இரும்பு வடத்தில் நகரும் தொங்கு நாற்காலியில் ஐந்து நிமிடம் மேலே போவார். காலில் கட்டிய சறுக்குப் பலகைகளில் ஒரே நிமிடத்தில் கீழே வருவார். மறுபடி மேலே.

"போரடிக்கலையாக்கா?"

"மேல போற அஞ்சு நிமிசம் யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாக. இறங்கறப்ப எங்க திரும்பணும்னு முழங்காலுக்கே தெரியும். வேற என்ன வேணும்?"

"விழுந்துட்டா?"

"விழுற இடமும் தெரியும், உமா."

* காபி விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். இலக்கியத்துக்காகச் செய்த தியாகம்.

4

இனி என் தவறு. அக்காவின் கணவர் யஹ்யா பாய் ரோலாவில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் லிஃப்டில் மாட்டினார். மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் சொல்லிவிட்டேன்:

"என்ன பாய், அக்கா பாவம், பொம்மைப் பனியில சறுக்கிட்டு இருக்காங்க. நெஜப் பனி காட்டக் கூடாதா?"

அந்த வாரமே டிசம்பர் லீவுக்கு, பனிமலை நாடான ஜார்ஜியாவுக்கு டூர் போட்டுவிட்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில், கடையைப் பூட்டிவிட்டுப் போகும் முதல் பயணம். கடையிலிருந்து பெரிய பெட்டி ஒன்றையும் உருட்டி வந்து கூடத்தில் நிறுத்தினார்.

அக்கா என் கதவைத் தட்டினார்.

"உன் வாய்க்குப் பூட்டே கெடையாதா? மொத தடவையா நான் கேக்காமலே மச்சான் ஒண்ணு வாங்கியாந்திருக்காக. வேணாம்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

"ஏன் வேணாங்கணும்? பெரிய மலைக்கா!"

"அங்க ஒரு திருப்பமும் எனக்குத் தெரியாது. எனக்கு என் மலை போதும்."

5

முடிவுகள்:

அ) அக்கா ஜார்ஜியா போகிறார், பனியில் கை விரித்து நின்று சிரிக்கிறார். (டூர் கம்பெனி விளம்பரம்.)

ஆ) அக்கா மறுக்கிறார். பாய் பெட்டியை உருட்டிக்கொண்டு தனியாகக் கடைக்குத் திரும்புகிறார். அந்தச் சக்கரச் சத்தம்— (கை வரவில்லை. குற்றவாளி நானல்லவா.)

இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டும் வேணாம். மச்சான்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ கொஞ்சம் சும்மா இரு."

6

இந்தச் செவ்வாய்க்கிழமை சூட்கேஸ் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பஸ் ஏறினேன். (சும்மாதான் இருந்தேன். பஸ்தான் ஓடியது.)

கண்ணாடிக்கு அப்பால், தொங்கு நாற்காலியில், வாடகை ஜாக்கெட்டில் யஹ்யா பாய்! இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, கண்களை இறுக மூடியிருந்தார். பக்கத்தில் அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல, பாய் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. கம்பியிலிருந்து ஒரு கை விலகி அக்காவின் கையுறைமேல் வந்து உட்கார்ந்தது.

கண்ணாடி தடிமன், ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதட்டசைவைப் படிக்க எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்துக்கே அது தெரியும்.

ஆனால் அந்த ஐந்து நிமிடம் யாரும் எதுவும் கேட்காத ஐந்து நிமிடமாயிற்றே. உச்சி வருவதற்குள் முடிவை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சொல்ல வேண்டாம். நான் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செருப்புக் கடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.